புவனா மிஸ் மாற்ற மறுத்த சொல்

அன்று காலை எனக்குக் கம்பளையில் ஒரு வழக்கு இருந்தது. கெலிஓயாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கைபேசியில் புவனா மிஸ்ஸின் மகள் மாலதியின் பெயர் தெரிந்தது. வேலைநாளில் அந்த நேரத்தில் அவள் என்னை அழைப்பதில்லை. வண்டியைப் பலகை விற்கும் ஒரு மரக்காலைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினேன்.

“அங்கிள், அம்மா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில வச்சேதான்” என்றாள். பிறகு, “நீங்க கோட்டு வேலைய முடிச்சிட்டே வாங்க. அம்மா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க” என்றாள்.

முடித்துவிட்டுத்தான் போனேன். நீதிமன்றத்தில் பழைய பெஞ்ச் கிளார்க் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிங்களவர். புவனா மிஸ்ஸோடு எட்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தவர். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று மாலதி கேட்டாள். மிஸ்ஸை அறிந்த உங்களில் பலர் அவருடைய நேர்மையைப் பற்றி எழுதுவீர்கள். அதை நானும் கண்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்று கண்டேன். அந்தக் கதையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க அங்கிள். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்” என்றாள்.

புவனேஸ்வரி என்ற முழுப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. நீதவான் முதல் வாசற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் புவனா மிஸ். கண்டிப் பகுதியில் ஒரு நீதிமன்றத்தில் அவர் உரைபெயர்ப்பாளர். எந்த நீதிமன்றம் என்று நான் எழுதவில்லை. இன்று அங்கே வேலை செய்பவர்களுக்கு இதில் பங்கில்லை. தமிழ்ச் சாட்சி சொல்வதைச் சிங்களத்தில் நீதவானுக்கும், சிங்களத்தில் கேட்கப்படுவதைத் தமிழில் சாட்சிக்கும் சொல்வது அவர் வேலை. சாட்சிக் கூண்டுக்கு ஓர் அடி தள்ளி நிற்பார். சாட்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நீதவானின் முகத்தைப் பார்க்க மாட்டார். “அவங்க அழுதா நான் அழக் கூடாது தம்பி. ஆனா அவங்க நிறுத்தின எடத்தில நானும் நிறுத்தணும்” என்று ஒருமுறை சொன்னார். உண்மையில் அப்படித்தான் செய்வார். சாட்சி திக்கினால் அவருடைய சிங்களமும் அதே இடத்தில் திக்கும்.

நான் சட்டத்தரணியாகப் பதிந்த புதிதில் நடந்த ஒரு வழக்கு. ஒரு கங்காணி தன் கீழ் வேலை செய்த பெண்ணைக் கேவலமாகத் திட்டினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண் கூண்டில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். அதுவரை அந்த நீதிமன்றத்தில் இப்படிப்பட்டவற்றை “தகாத வார்த்தை பிரயோகித்தார்” என்று பெயர்ப்பதே வழக்கம். புவனா மிஸ் அதன் சரியான சிங்களச் சொல்லை, எந்த முகமாற்றமும் இல்லாமல், பின்வரிசைக்குக் கேட்கும் குரலில் சொன்னார். நீதவான் எழுதுவதை நிறுத்தினார். யாரோ இருமினார்கள். “அதை அப்படியே எழுத வேண்டுமா?” என்று நீதவான் கேட்டார். “அவரை அப்படியேதான் திட்டியிருக்கிறார்கள், ஐயா” என்றார் மிஸ். நீதவான் எழுதினார். கங்காணி அன்று முதல்முறையாகத் தலையைக் குனிந்தார்.

எதற்காக இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். மிஸ் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசைவீடு ஒன்றில். அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவருடைய அப்பாவை, தோட்டத்துக் காட்டில் ஒரு கட்டு விறகு எடுத்தார் என்று பிடித்துக் கொண்டுபோனார்கள். அன்று நீதிமன்றத்துக்கு உரைபெயர்ப்பாளர் வரவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ, “ஆமான்னு சொல்லு, விட்டுருவாங்க” என்றிருக்கிறார்கள். அவர் “ஆமாங்க” என்றார். இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

“என்ன கேட்டாங்கன்னு சாகும்வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது” என்றார் மிஸ்.

இனி, அந்த வழக்கு.

கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பாதையில், ஒரு மத்தியான வேளையில், பஸ்ஸுக்காக நின்ற செல்லம்மா என்ற தோட்டத் தொழிலாளியை ஒரு ஜீப் மோதியது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார். கூட நின்றவர் அவருடைய அக்கா ராமாயி. ஜீப்பை ஓட்டி வந்தவர் அந்தப் பகுதியில் பல தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு பெரிய மனிதரின் மகன். அமைச்சர்கள் சாப்பிட வரும் வீடு அது. மகனின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் பயமில்லை. வழக்கேட்டில் எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மகன் இறங்கி வந்து பார்த்தார். கைபேசியில் பேசினார். சற்று நேரத்தில் வேறொரு வாகனம் வந்தது. அதில் ஏறி அவர் போய்விட்டார். அந்த வாகனத்தில் வந்த பியதாச என்ற வீட்டுச் சாரதி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பொலிஸார் வந்தபோது அவர்தான் அங்கிருந்தார். அறிக்கையில் சாரதி பியதாச என்று எழுதப்பட்டது. பியதாசவும் ஆம் என்றார். இதையெல்லாம், தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ராமாயி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சாட்சி யாரும் இல்லை.

பியதாசவுக்காகத் தோன்றிய சிரேஷ்ட சட்டத்தரணி என் சீனியர். அவருக்குக் கட்டளைகள் பியதாசவிடமிருந்து வரவில்லை, பெரிய வீட்டிலிருந்து வந்தன. நான் அவருடைய ஜூனியர். நாவலப்பிட்டியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், தமிழ் தெரிந்தவன். அதற்காகவே என்னை அந்த வழக்கில் போட்டிருந்தார்.

மரண விசாரணையில் ராமாயியைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் சொல்வதை நீதவான் ஏற்றுக்கொண்டால், ஓட்டியது யார் என்று மறுபடி விசாரிக்க உத்தரவு போடலாம். முன்வரிசையில், பெரிய வீட்டின் கீழிருந்த ராமாயியின் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தார். ராமாயி கூண்டுச் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“வண்டி ஓட்டிட்டு வந்தவங்க எறங்கி வந்து பாத்தாங்க சாமி. பாத்துட்டு போன்ல பேசுனாங்க. கொஞ்ச நேரத்தில வேற வண்டி ஒன்னு வந்திச்சி. அதில ஏறிப் போயிட்டாங்க. இவரு அப்புறமாத்தான் வந்தாரு.” பியதாசவைக் காட்டினார்.

மிஸ் அதைப் பெயர்த்தார். வாகனத்தை ஓட்டி வந்தவர் இறங்கி வந்து பார்த்தார் என்று, ஒருவராக. என் சீனியரின் முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்து, “ஏதாவது இருக்கிறதா?” என்று மெல்லக் கேட்டார்.

இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான். அவர் சொல்லித் தந்ததில்லை, யோசனை என்னுடையது. இதைப் பல வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் எழுந்து, தமிழ் தெரிந்தவன் என்ற முறையில் நீதிமன்றத்துக்கு உதவ விரும்புவதாகச் சொன்னேன். “‘வந்தவங்க’ என்பது பன்மை. பார்த்தாங்க, பேசுனாங்க, போயிட்டாங்க, எல்லாமே பன்மை. சாட்சி சொல்வது வாகனத்தில் வந்த பலரைப் பற்றி. பலர் இறங்கிப் பார்த்தார்கள், பலர் வேறு வாகனத்தில் போனார்கள். சாரதி அவர்களுக்குப் பின்னால் வந்து பார்த்தார். உரைபெயர்ப்பாளர் அதை ஒருவராக்கிவிட்டார்.”

நான் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் துரை வீட்டு ஆளை “அவன்” என்று சொல்ல மாட்டார், “அவர்” என்றுகூடச் சொல்ல மாட்டார், “அவங்க” என்றுதான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தன் தங்கையைக் கொன்றவரைப் பற்றிச் சாட்சி சொல்லும்போதும் ராமாயியால் அந்த மரியாதையைக் கைவிட முடியவில்லை. பியதாச அவரைப் போலவே கூலிக்கு வேலை செய்பவர். அதனால் அவர் “இவரு”. அந்த வித்தியாசத்தில்தான் உண்மை இருந்தது. அந்த மரியாதையையே எடுத்து அவருக்கு எதிராகத் திருப்பினேன்.

நீதவானுக்குத் தமிழ் தெரியாது. மிஸ்ஸைப் பார்த்தார்.

“எழுத்தில் அது பன்மைதான், ஐயா. பேச்சில், மரியாதைக்குரிய ஒருவரைச் சொல்லவும் அதே சொல்தான். இந்தச் சாட்சி பேசும் தமிழில் அது ஒருவர்” என்றார் மிஸ்.

“இப்போது உரைபெயர்ப்பாளரும் சாட்சி சொல்கிறாரா?” என்றார் என் சீனியர். சிலர் சிரித்தார்கள்.

பன்மையாகவே வைத்துக்கொள்ளலாமா என்று நீதவான் கேட்டார். மிஸ் ஒரு கணம் தரையைப் பார்த்தார். “என்னால் மாற்றிச் சொல்ல முடியாது, ஐயா. சட்டத்தரணி சொல்வதையும் நான் சொன்னதையும் இரண்டையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.” நீதவான் நல்ல மனிதர். இரண்டையும் எழுதினார். பிறகு கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டார்: எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சாட்சியைக் கேளுங்கள்.

“எத்தன பேரு எறங்குனாங்க?” என்று மிஸ் தமிழில் கேட்டார்.

ராமாயி வாயைத் திறந்தார். அப்போது முன்வரிசையில் கணக்கப்பிள்ளை காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. ராமாயியின் பார்வை அங்கே போய்த் திரும்பியது. அவருடைய கணவருக்கு அந்தத் தோட்டத்தில் வேலை, அவர்கள் குடியிருந்த லயமும் அந்தத் தோட்டத்தினுடையது. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

மிஸ்ஸும் அவரோடு அந்த நேரமெல்லாம் பேசாமல் நின்றார். அந்தக் கணத்தில் அவர் நினைத்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். கேள்வியை வேறு விதமாக மறுபடி கேட்டிருக்கலாம். பதிலில் ஒரு சொல்லைக் கூட்டியிருக்கலாம். தமிழ் தெரிந்தவன் அந்த மண்டபத்தில் கறுப்புக் கோட்டோடு நான் ஒருவன்தான். அவர் செய்யவில்லை. “எனக்குத் தெரியாது” என்று, சாட்சியின் குரல் எவ்வளவு தாழ்ந்திருந்ததோ அவ்வளவு தாழ்ந்த குரலில், சிங்களத்தில் சொன்னார்.

அன்று பகல் இடைவேளையில் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப்படியில் மிஸ் நின்றார். எனக்காகத்தான் நின்றார் என்று பார்த்ததும் தெரிந்தது.

“தம்பி, உங்க அம்மா ஊர்லயிருந்து வந்தா என்னான்னு சொல்லுவீங்க? அம்மா வந்திருக்காங்கன்னுதானே?”

தலையசைத்தேன்.

“அப்ப உங்களுக்கு எத்தன அம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மறுவிசாரணைக்கு உத்தரவு வரவில்லை. பியதாச கவனக்குறைவாக ஓட்டியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு தண்டம், ஒத்திவைத்த சிறைத்தண்டனை, சாரதி அனுமதிப்பத்திரம் ரத்து. மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். உரைபெயர்ப்பாளர் தன்னுடைய ஆட்களுக்குப் பக்கச்சார்பாக நடந்துகொண்டார் என்று ஒரு முறைப்பாடு மேலிடத்துக்குப் போனது. அதில் கையெழுத்திட்டவர் வேறு யாரோ. ஆனால் அதிலிருந்த தமிழ் இலக்கண உதாரணங்கள் என்னுடையவை. சாட்சிக்கு எதிரான பதிலையும் ஒரு எழுத்துக் குறையாமல் பெயர்த்தவர் மீது பக்கச்சார்பு என்று எழுதினோம். மிஸ்ஸுக்கு ஊவாப் பக்கத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு இடமாற்றம் வந்தது. மாலதி அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சிறுமி. மிஸ் வெள்ளிக்கிழமைகளில் மூன்று பஸ் மாறிக் கம்பளையிலிருந்த வீட்டுக்கு வந்து, ஞாயிறு பின்னேரம் மறுபடி புறப்பட்டுப் போவார். அப்படி ஆறு வருடம்.

இந்த வழக்கால் மனம் மாறி நான் சீனியரை விட்டு விலகினேன் என்று எழுதினால் அது பொய். அவரோடு இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு அறை போதவில்லை என்று தனியாக வந்தேன்.

பெரிய வீட்டு மகன் திரும்பி வந்தார். இப்போது அப்பாவின் இடத்தில் அவர்தான். கம்பளையில் ஒரு பரிசளிப்பு விழாவில் அவர் பிரதம விருந்தினர். ஓய்வு பெற்று வந்திருந்த மிஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கிறதென்று போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிற்பாடு என்னிடம் சொன்னார். “நல்லாத்தான் பேசினாரு தம்பி. பிள்ளைகளே, சட்டத்த மதிச்சி நடக்கணும்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் கைய எடுத்தேன். தட்ட முடியல்ல.”

ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். வாக்குமூலம் கொடுக்கப் போகிற தோட்டத்து ஆட்களோடு பொலிசுக்குப் போவார். சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள் என்பார். ஓரிடத்தில், நீங்கள் யார், வெளியே இருங்கள் என்றார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை வாசலில் நின்றார். ஒரு கதிரை போட்டார்கள், உட்காரவில்லை. “உக்காந்துட்டா மறந்துருவாங்க தம்பி” என்றார். மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

என்னை அவர் அழைத்தது அந்த நாட்களில்தான். அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறை. “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரணும். கறுப்புக் கோட் வேணாம்” என்றார்.

போனேன். முன்னறையில் பியதாச உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார், கண்கள் மஞ்சளாகியிருந்தன, பேசும்போது மூச்சு வாங்கியது. அனுமதிப்பத்திரம் போனதும் சாரதிக்கு அந்த வீட்டில் வேலை என்ன இருக்கிறது? வேறு வேலை தருகிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற வாக்கெல்லாம் ஒரு வருடத்தில் போய்விட்டது. நடந்ததைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்று மிஸ்ஸைத் தேடி வந்திருந்தார். ஏன் இவரிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். “அன்று அந்த மண்டபத்தில் இந்த நோனா மட்டும்தான் பெரிய வீட்டு ஆட்கள் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை” என்றார்.

ராமாயியும் வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சத்தியம் செய்து சொல்லும் பியதாசவின் சத்தியக்கடதாசி அன்றே எழுதிக் கையெழுத்தானது. நீங்களும் ஒன்று தருவீர்களா என்று ராமாயியை மிஸ் கேட்டபோது அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“வேணாம் மிஸ். எனக்குப் பேசத் தெரியாது. நான் பேசித்தான் எல்லாம் கெட்டுச்சி.”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதித் தருவீங்களா தம்பி? அன்னிக்கி நீங்க சொன்ன தமிழ் தப்புன்னு.”

“என் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா மிஸ்?” என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லாத கேள்வி. நேரத்தைக் கடத்தத்தான் கேட்டேன்.

“இருக்கு. இல்லன்னா பொய்யி. அத ஒரு பக்கம் வச்சிட்டுத்தான் கூப்பிட்டேன்.”

ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். மூன்று மாதம் எடுத்தேன். என் மனைவியிடம் சொன்னேன், ஒரு நண்பரிடம் யோசனை கேட்டேன், என் தொழிலுக்கு என்ன ஆகும் என்று புத்தகங்களைப் புரட்டினேன். மிஸ் ஒருமுறைகூட அழைத்து நினைவுபடுத்தவில்லை. மூன்றாம் மாதத்தில் பியதாச இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அன்று பின்னேரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு பக்கம்தான். அதற்கு மேல் அதில் எழுத எதுவும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதை மிஸ்ஸிடம் கொடுத்தேன். ராமாயியையும் வரச் சொல்லியிருந்தார். நான் சிங்களத்தில் எழுதியதை அவர் கையில் வைத்துக்கொண்டு, ராமாயியின் முகத்தைப் பார்த்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நீதிமன்றத்தில் நிற்பதுபோலவே எழுந்து நின்றுதான் சொன்னார். “சாட்சி ஒருவரைப் பற்றித்தான் சொன்னார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பலர் என்று நீதிமன்றத்துக்குச் சொன்னேன்.” நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமாயி கேட்டு முடித்தார். புரியாதவர்போல மிஸ்ஸைப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்கி நான் சரியாத்தான் சொன்னேனா?”

“சரியாத்தான் சொன்னீங்க.”

“இத்தன வருசமா நான்தான் தப்பாப் பேசி அவ கேச கெடுத்துட்டேன்னு நெனச்சேன் மிஸ். சாமி கும்புடப் போனாலும் அவகிட்ட மன்னிப்புத்தான் கேப்பேன்.”

என்னை அவர் திட்டவில்லை. என் பக்கமே பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, “எழுதுங்க மிஸ்” என்றார். “அவன் ஒருத்தன்தான் எறங்கினான். வேற யாரும் வண்டியில இல்ல. அவன்தான் ஓட்டினான்.”

அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் மிஸ்ஸின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார். சிங்களத்திலும் அந்தச் சொல்லை மரியாதை எதுவும் சேர்க்காமல் அப்படியே பெயர்த்தார். அதற்குரிய சொல் சிங்களத்திலும் உண்டு.

மூன்று சத்தியக்கடதாசிகளையும் வைத்துக் கொழும்புக்கு ஒரு மனு அனுப்பினோம். பல மாதம் கழித்து, மூன்று வரியில் பதில் வந்தது. முக்கிய சாட்சி காலமாகிவிட்டதால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை, ஆகவே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க உத்தேசமில்லை. நான் கேட்ட ஒரு கிழமையிலேயே எழுதிக் கொடுத்திருந்தால், மனு போகும்போது பியதாச உயிரோடு இருந்திருப்பார். பதில் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காரணத்தை அவர்களுக்குக் கொடுத்தவன் நான். அதையும் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “ஆமா” என்றார். பிறகு, “ராமாயிகிட்ட நான் வாசிச்சுக் காட்டிட்டேன். பதில் வரல்லன்னு அவங்க நெனச்சிட்டு இருக்கக் கூடாது. வந்ததுதான் பதில்னு தெரியணும்” என்றார். அதற்காகவே ஒரு நாள் பஸ்ஸில் கலஹாவுக்குப் போய் வந்திருந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் படுக்கையில் விழுந்தார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் வேறோர் ஊரில் எனக்கொரு வழக்கு. என் கட்சிக்காரர் ஒரு கடை முதலாளி. தன்னிடம் வேலை செய்த ஒருவரை அடித்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த மனிதர் கூண்டில் நின்று, “பேசிக்கிட்டு இருக்கும்போதே மொதலாளி கைய வச்சிட்டாருங்க” என்றார். உரைபெயர்ப்பாளர் சிங்களப் பெண், தமிழைப் புத்தகத்தில் முயன்று படித்தவர். என் கட்சிக்காரர் சாட்சியின் மேல் சும்மா கையை வைத்ததாக, தொட்டதாக, அவர் பெயர்த்தார். நீதவான் அப்படியே எழுதத் தொடங்கினார். எங்களுக்கு அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

எழுந்து நின்றேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் கை வைத்தார் என்றால் அடித்தார் என்று பொருள், சாட்சியையே கேட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். கேட்டார்கள். “ஆமாங்க, கன்னத்தில அடிச்சாரு” என்றார் அந்த மனிதர்.

வெளியே வந்ததும் என் கட்சிக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். “நீங்க எனக்குத்தானே லோயர்?”

“ஆமா. ஆனா அவரு சொன்னது அதுதான்” என்றேன்.

கோப்பைத் திருப்பித் தரச் சொல்லி மறுநாளே ஆள் அனுப்பினார்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அப்படி எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடம் ஒன்றுதான். அவருடைய துணிவு என்னிடம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு எடுத்த காலத்துக்குள் பியதாச போய்விட்டார். மிஸ்ஸும் போய்விட்டார். ராமாயி இருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரைக் கலஹாவிலிருந்து நான்தான் கூட்டி வருகிறேன். வழியில் அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன்.